எல்லாருக்கும் மேல் தட்டு

பூவத்தூர்ச் சீமையை ஆண்ட கேசவரங்க ராஜாவுக்கு, யார் எதைக் கொடுத்தாலும் பத்திரப்படுத்தி வைக்கிற குணம். பெட்டிக்குள் கிடந்து என்ன பிரயோசனம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. சபை கூடும் மண்டபத்துச் சுவரில் தேக்குப் பலகையால் தட்டுகள் அடித்து, எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. மூன்று தட்டு இருக்கட்டும், மனசுக்கு ரொம்பப் பிடித்தது மேல் தட்டில் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

சற்று நேரத்தில் பட்டத்து ராணி வடிவுடையாள் வந்தாள். பிறந்த வீட்டிலிருந்து தான் கொண்டுவந்த தந்தச் சிமிழ் எந்தத் தட்டில் என்று கேட்டாள். மேல் தட்டில்தான் என்றார் ராஜா. அவள் போனதும் இளைய ராணி செங்கமலம் வந்தாள். அவள் கொடுத்த சந்தன மர அன்னமும் மேல் தட்டுக்குப் போனது. பிறகு படைத்தலைவரான தளவாய் வெங்கப்பர் மீசையைத் தடவிக்கொண்டே வந்து, தான் போரில் பறித்து வந்த வாளைப் பற்றி விசாரித்தார். மந்திரி வந்தார். புரோகிதர் வந்தார். ஊறுகாய் ஜாடி கொடுத்திருந்த சமையல்காரர்கூட வந்து தலையைச் சொறிந்தார். பலகையை இன்னும் அறுக்கவே இல்லை, அதற்குள் மேல் தட்டு நிரம்பி வழிந்தது.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நெருக்கி வைக்கலாமென்றால், வரிசையில் யார் முதல் என்று ராணிகள் இருவரும் கேட்டார்கள். இருவரும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்ள, அவர் தன்னந்தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

சபையில் விகடம் பேசுகிற குப்பாண்டியின் மேல் தளவாய்க்கு வெகுநாள் எரிச்சல். இந்த வேலையைக் குப்பாண்டியிடமே ஒப்படைக்கலாம், ஒருவர் குறை சொன்னாலும் குப்பாண்டி சபையை விட்டுப் போய்விட வேண்டும் என்று யோசனை சொன்னார். எப்படியாவது தலை தப்பினால் போதும் என்றிருந்த ராஜா உடனே சம்மதித்தார். குப்பாண்டிக்கும் உள்ளூரப் பயம்தான்.

மறுநாள் தச்சரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். வேலை முடிகிறவரை யாரையும் உள்ளே விடவில்லை.

கதவு திறந்த நாளில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்று தட்டு இல்லை. ஒரே தட்டுதான். வாசல் நிலைக்கு மேலே, சிம்மாசனத்துக்கும் மேலே, நாலு சுவரையும் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடியது. மூலைகளில்கூடப் பலகை விட்டுப்போகவில்லை. சிமிழ், அன்னம், வாள், ஊறுகாய் ஜாடி எல்லாம் அதில் வீற்றிருந்தன.

"யார் முதல்?" என்றாள் இளைய ராணி.

"சுற்றி வருகிற தட்டுக்கு ஆரம்பமும் இல்லை, கடைசியும் இல்லை. அன்னத்திலிருந்து எண்ணிப் பாருங்கள் அம்மா, அன்னம்தான் முதல்" என்றார் குப்பாண்டி. பட்டத்து ராணி ஏற்கெனவே சிமிழிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருவர் முகமும் மலர்ந்தது.

தளவாய் விடவில்லை. "இருப்பதே ஒரு தட்டு. மேல் தட்டு என்றால் கீழ்த் தட்டும் அதுதானே? என் வாளைக் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறார் இவர். இது குறைதான்" என்றார்.

ராஜாவே கொஞ்சம் கவலையோடு குப்பாண்டியைப் பார்த்தார்.

குப்பாண்டி நிதானமாகச் சிம்மாசனத்தின் பக்கம் கையைக் காட்டினார். "தட்டு மகாராஜாவின் தலைக்கு மேலே போகிறது. அதையே கீழ் என்று தளவாய் சொல்கிறார். அப்படியென்றால் அதற்கும் அடியில் உட்கார்ந்திருக்கிற மகாராஜாவை அவர் எங்கே வைக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்."

தளவாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பிறகு, வாள் மேல் தட்டில்தான் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று முணுமுணுத்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மதியம் இரண்டு ராணிகளும் சேர்ந்து அவருக்குப் பரிமாறினார்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் ராஜா குப்பாண்டியை அழைத்து, நிறையப் பழங்களோடு ஒரு வெள்ளித் தட்டைக் கையில் கொடுத்தார். "இந்தத் தட்டை உன் வீட்டில் எங்கே வைப்பாய்?" என்று கேட்டார்.

"அதைத் தீர்மானிக்க நான் யார் மகாராஜா? என் மனைவி எங்கே வைக்கிறாளோ, அதுதான் மேல்" என்றார் குப்பாண்டி.

"இதை முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் ராஜா.

"உங்களுக்கு இரண்டு பேர் ஆயிற்றே" என்று சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு குப்பாண்டி நடையைக் கட்டினார்.