எண்ணின் மேல் ஒட்டிய பொட்டு

புரட்டாசி பிறந்தும் வேலூரில் வெயில் குறையவில்லை. அந்த வெயிலில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் யமுனா, வயது முப்பத்திரண்டு. சீடரின் பெயர் தணிகாசலம், வயது அறுபத்தொன்று. தலைநரையைப் பார்த்து யார் குரு என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்துபோவார்கள்.

யமுனா சத்துவாச்சாரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தாள். அனிமேஷன் செய்கிறவர்களின் கனத்த கம்ப்யூட்டர்கள்தான் அவளிடம் வரும். கேட்பவர்களுக்கு அனிமேஷனும் சொல்லிக்கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். யாராவது கேள்வி கேட்டால் ஸ்குரூ டிரைவரைத்தான் முதலில் எடுப்பாள்.

தணிகாசலம் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அனிமேஷன் கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே அவளைக் "குருவே" என்று கூப்பிட்டார்.

"சார், பேர் சொல்லியே கூப்பிடுங்க."

"வித்தை சொல்லிக் குடுக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறது எங்க வீட்டு வழக்கமில்லை, குருவே."

கொஞ்ச நாள் கூச்சப்பட்டுப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மனிதர் முகமெல்லாம் பல்லாக மாடியேறி வந்தார்.

"குருவே, நாப்பத்தெட்டு!"

"என்னது சார் நாப்பத்தெட்டு?"

"படத்தைத் தீட்டற கிராபிக்ஸ் கார்டோட சூடு! எழுபதைத் தாண்டிப் போயிட்டிருந்ததே, நாப்பத்தெட்டு டிகிரிக்கு இறக்கிட்டேன். பவர் லிமிட்டைப் பாதியாக் குறைச்சேன். கிளாக் ஸ்பீடை ஏறவே முடியாதபடி பூட்டிட்டேன். இப்ப தொட்டா ஜில்லுனு இருக்கு."

"படம் முடிஞ்சுதா?"

பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"அதுதான் நகர மாட்டேங்குது. ஒரு வாரமா ரெண்டர் ஓடுது, படம் கால்வாசிகூடத் தீட்டி வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும். அதே சமயம் சூடும் ஏறக்கூடாது. அதுக்கு என்ன பண்ணணும், சொல்லுங்க."

யமுனா ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுல போய்ப் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை விஷயம் இதுதான். தணிகாசலத்தின் தெருவில் வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கோலாட்டம் உண்டு. பன்னிரண்டு பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று ஆடுவார்கள். முன்னால் நின்று ஆடுவது அவர் மனைவி செண்பகவல்லி. தெருவிலிருக்கும் பாதிப் பெண்களுக்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். போன சித்திரையில் ஒரு காலை அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். இதயத்தில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

போன மாதம் டாக்டர் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு, "தாராளமா ஆடட்டும், மூச்சு வாங்கினா மட்டும் உக்காரட்டும்" என்றார். டாக்டர் சம்மதித்தார், தணிகாசலம் சம்மதிக்கவில்லை. இந்த வருஷம் கோலாட்டத்துக்குப் பதிலாகத் தான் செய்த அனிமேஷன் படம் திரையில் ஓடும் என்று தெருச் சங்கத்தில் அவராகவே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

செண்பகவல்லி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஆனால் பேசாமலிருந்ததே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் அதைப் பார்த்துச் சுழன்றது. எதிரே நாற்காலியில் செண்பகவல்லி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பிரஷர் மெஷினின் பட்டை சுற்றியிருந்தது.

"வாம்மா. நீயாவது உன் சிஷ்யரைக் கேளு. விடிஞ்சதிலிருந்து நாலு தடவை பிரஷர் பாத்தாச்சு. மாடிப்படி ஏறக்கூடாதாம், சத்தமாச் சிரிக்கக்கூடாதாம், உப்பைக் கண்ணாலயும் பாக்கக்கூடாதாம்."

"உப்பு டாக்டர் சொன்னது" என்றார் தணிகாசலம்.

"அவரு குறைக்கச் சொன்னாரு. நீங்க டப்பாவையே பரண்ல ஏத்திட்டீங்க."

"எட்டற இடத்துல இருந்தா கை போகும் இல்லையா?"

செண்பகவல்லி கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அதுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்மா. என்ன, அதுக்கு ஃபேன் இருக்கு."

யமுனா வாய்விட்டுச் சிரித்தாள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோன மனிதர். முப்பது வருஷம் எண்களை நம்பியே வேலை பார்த்தவர். மீட்டரில் எண் ஓடினால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சித்திரைக் காலையில் மட்டும் எந்த எண்ணும் அவருக்கு முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. காபிக்குக் குரல் கொடுத்தார், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த எண்ணையும் கண்பார்வையிலிருந்து விட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

யமுனா பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். தூசி இல்லை. கார்டின் விசிறிகள் வேலையில்லாதவர்கள் மாதிரி மெதுவாகச் சுழன்றன.

"கார்டு நல்லாத்தானே சார் இருக்கு?"

"நல்லா இருக்கும்போதே பாத்துக்கணும் இல்லையா, குருவே?"

யமுனா திரையைப் பார்த்தாள். பாதி தீட்டிய படம் ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு பொம்மைப் பெண்கள், கையில் கோல். முன்னால் நின்ற பொம்மைக்கு மாம்பழ நிறப் புடவை, வலது பக்கம் வெள்ளைக்கல் மூக்குத்தி.

செண்பகவல்லியும் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு, என் மூக்குத்தியைப் போட்டுக்கிட்டு முன்னால நிக்கறா?"

"நீதான்" என்றார் தணிகாசலம், கொஞ்சம் பெருமையாக.

"நான் இங்க உக்காந்திருக்கேனே."

தணிகாசலம் மவுஸை அவசியமில்லாமல் இரண்டு தடவை நகர்த்தினார்.

யமுனா அவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பூட்டியிருந்த கிளாக் ஸ்பீடைத் திறந்துவிட்டாள். பவர் லிமிட்டை ஐம்பதிலிருந்து எண்பதுக்கு ஏற்றினாள்.

"நூறு வைக்கலையா?" என்றார், வைத்துவிடுவாளோ என்ற பயத்தில்.

"வேண்டாம் சார். கடைசி இருபதுல வேகம் கொஞ்சம்தான் கூடும், சூடுதான் நிறைய கூடும். எண்பது போதும்."

"எண்பதுல எவ்வளவு சூடு வரும்?"

"பாக்கலாம்."

ரெண்டர் ஓடத் தொடங்கியது. விசிறிகள் முழித்துக்கொண்டு இரைந்தன. திரையின் மூலையில் எண் ஏறியது. ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு. அறுபத்தேழு. தணிகாசலம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தொட்டதும் அவர் கை தானாக மவுஸுக்குப் போனது.

யமுனா தன் நெற்றியிலிருந்த அரக்கு நிறப் பொட்டை உரித்தாள். அதை அந்த எண்ணின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"குருவே! என்ன இது?"

"பொட்டு."

"எண் தெரியலையே!"

"ஆமாம்."

"இன்னும் ஏறிக்கிட்டே போனா?"

"ரொம்பச் சூடானா கார்டே தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அதையும் மீறினா அதுவே நின்னுடும். செஞ்சவங்க அதை யோசிக்காமலா செஞ்சிருப்பாங்க? நீங்க படத்தைப் பாருங்க."

தணிகாசலம் பொட்டைப் பார்த்தார். முறைத்துப் பார்த்தார். சாய்ந்து நின்று ஓரமாக ஏதாவது தெரிகிறதா என்றும் பார்த்தார். பொட்டு நல்ல பெரிய பொட்டு. வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார்.

படம் நகர்ந்தது. ஒரு வாரமாக மண்ணாந்தை மாதிரி நின்றுகொண்டிருந்த பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டப்பட்டு வந்தன. தீட்டி முடிந்தவரைக்கும் யமுனா கோத்து ஓட்டிக் காட்டினாள். பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், கோலோடு கோல் தட்டிச் சுற்றி வந்தார்கள். மாம்பழ நிறப் புடவைக்காரி எல்லோருக்கும் முன்னால் சுழன்றாள்.

"ஆடுறாங்க! குருவே, ஆடுறாங்க!"

அவர் கால் தரையில் தாளம் போட்டது. பொட்டு அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. பின்னால் நாற்காலி நகர்ந்ததும் அவர் காதில் விழவில்லை.

டக். டக். டக்டக்.

தணிகாசலம் தாளத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கேட்டீங்களா? கார்டு அடிச்சுக்குது! விசிறி கழண்டுடுச்சு! நான் அப்பவே சொன்னேன்."

பெட்டியின் மேல் காதை வைத்தார். டக். டக். டக்டக்.

"நிறுத்துங்க குருவே, நிறுத்துங்க!"

"சத்தம் பெட்டிக்குள்ள இல்லை சார்."

"பின்னே எங்கே?"

"அடுப்படியில."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. பிரஷர் மெஷின் மட்டும் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

செண்பகவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோலோடு ஆடிக்கொண்டிருந்தாள். அன்று விழுந்த அதே இடத்தில் ஆடினாள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, சுற்றி வந்து ஒரு தட்டு. ஜோடி இல்லாததால் அந்தக் கடைசித் தட்டை அரிசி டிரம்மின் மூடியில் தட்டினாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. முகம் சிவந்து ஜொலித்தது. அந்த முகத்தைச் சித்திரைக்குப் பிறகு அவர் இன்றுதான் பார்க்கிறார். பார்த்ததும் வந்தது சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

"செண்பகம், வேர்க்குது பாரு."

"வேலூர்ல வேர்க்காம?"

"உக்காரு. சொன்னாக் கேளு."

"மூச்சு வாங்கினா நானே உக்காருவேன். இப்ப வாங்கலை. வெள்ளிக்கிழமை நான் ஆடத்தான் போறேன். உங்க படம் பாட்டுக்குப் பின்னால ஓடட்டும்."

"முதல்ல கையை நீட்டு, பாத்துடறேன்."

செண்பகவல்லி அலமாரியிலிருந்து இன்னொரு ஜோடிக் கோலை எடுத்தாள். அவர் சொன்னபடியே கையை நீட்டினாள், அந்தக் கோல்களோடு.

"எவ்வளவு நேரம்தான் நான் டிரம்மோட ஆடறது? பிடிங்க."

தணிகாசலம் பிரஷர் மெஷினை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அதன் பட்டை கீழே தொங்கி ஆடியது. கூடத்தில் விசிறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன. வாசற்படியில் யமுனா வெறும் நெற்றியோடு வந்து நின்றாள்.

"குருவே," என்றார், "இவளை எவ்வளவு வரைக்கும் விடலாம்?"

யமுனா அவர் கைகளைப் பார்த்தாள்.

"முதல்ல அதைக் கீழ வைங்க சார். கோலாட்டத்துக்கு ரெண்டு கையும் வேணும்."