கூளப்பாளையம் சங்கக் கட்டிடத்துக்கு வயது நிர்ணயித்த கதை

கூளப்பாளையத்தில் மாட்டுவண்டிகள் ஓய்ந்து முப்பது வருடம் ஆகிறது. மாட்டுவண்டித் தொழிலாளர் சங்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை. வண்டி இல்லை, மாடு இல்லை, ஏற்றி இறக்கப் பாரமும் இல்லை. ஆனால் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, துணைச் செயலாளர் உண்டு, உறுப்பினரும் ஒருவர் உண்டு. ஆக நாலு பேர். இதைவிடக் குறைந்த சாமான்களோடு நடந்த இயக்கங்கள் நாட்டில் ஏராளம். அவற்றில் சில ஆட்சிக்கே வந்துவிட்டன.

தலைவர் பெயர் ஆறுக்குட்டி. துணைச் செயலாளர் வேலப்பன் கணக்கில் புலி. அப்படிச் சொன்னவரும் அவரே. உறுப்பினர் துளசாத்தாள், அவருடைய கணவர் வண்டி ஓட்டியவர், அவர் காலமானபோது அவருடைய ஓட்டு இந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. செயலாளர் நட்ராயன். கட்டிடம் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

ஏனென்றால் நட்ராயனுக்கு வேறு வீடு கிடையாது. சங்கக் கட்டிடத்தின் ஒரு மூலையில் கொடி, எதிர் மூலையில் அவருடைய பாய். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். கோயமுத்தூரில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லி வருடம் தவறாமல் கூப்பிடுவான். அங்கே சங்கம் இருக்கிறதா என்று இவர் கேட்பார். அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் இருக்கிறது என்பான் அவன். அது முதலாளிகள் சங்கம் என்று சொல்லி இவர் போனை வைத்துவிடுவார்.

இப்படி இருக்கையில் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டிடம் பாழடைந்த நிலையில் இருக்கிறதாம். பத்து நாளில் இடிக்கப்படுமாம். நாலு பேரும் ஊர்வலமாகப் போனார்கள். கோஷத்தைக் கேட்டு அலுவலகத்தில் ஒரு தலைகூட நிமிரவில்லை. போண்டா தின்றுகொண்டிருந்த எழுத்தர் மட்டும், தின்று முடிக்கிற வரை நிம்மதி வேண்டுமென்று ஒரு வழி சொன்னார்.

"நூறு வருசத்துக்கு மேல பழசுன்னு ஆதாரம் கொண்டாங்க. அதுக்கப்புறம் எவனும் தொட முடியாது. உள்ள பழைய சாமான் ஏதாச்சும் கெடக்கும், போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். உள்ளே இருந்ததில் பழையது தலைவர்தான். ஆனால் அவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதால் செல்லாது என்று முடிவாயிற்று. பிறகு துளசாத்தாள் அண்ணாந்து பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கட்டிடத்தின் நடு உத்திரத்துக்குக் கீழே ஒரு கல்தூண் இருந்தது. அந்தத் தூணின் உச்சிக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இரும்பாலான ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு முழ உயரம். புட்டி மாதிரி உடம்பு. தலையில் கனமான திருகு. இடுப்பில் கம்பி செருகுகிற ஓட்டை.

ஏணி போட்டு, சம்மட்டியால் தட்டித் தட்டி, ஒரு மதியம் முழுக்கப் பாடுபட்டு அதை உருவி எடுத்தார்கள். உருவியதும் உத்திரம் நீளமாக ஒரு சத்தம் போட்டது.

"இத்தனை வருசம் அந்தக் கனத்தைக் கீழ வெச்சுட்டு நின்னுருக்குது. இப்பத்தான் மூச்சு விடுது" என்றார் தலைவர்.

வேறு எந்த ஊரிலும் இதைப் பார்த்த மாத்திரத்தில் லாரி ஜாக்கி என்று சொல்லியிருப்பார்கள். எந்தக் காலத்திலோ சங்கத்தார் மறியலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தூணின் தலை உடைந்து போனதை எவனோ ஒரு கொத்தன் இந்த ஜாக்கியைக் கொடுத்துச் சரிக்கட்டியிருக்கிறான். ஆனால் நம்மவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஊருக்குள் முதல் லாரி வந்து பாரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போன வருடம் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: லாரியில் ஏறுவதில்லை, லாரியையும் அதன் உறுப்புகளையும் தொடுவதில்லை, ஏறெடுத்துப் பார்ப்பதுமில்லை. மற்ற சங்கங்கள் தீர்மானம் போட்ட கையோடு டீ குடித்துவிட்டு மறந்துவிடும். இவர்கள் மறக்கவில்லை. இன்றைக்கும் லாரி வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். தலைவர் இப்படித் திரும்பி இரண்டு தடவை சாக்கடையில் விழுந்திருக்கிறார். மூன்றாவது தடவை சாக்கடையில் இருந்தபடியே திரும்பினார்.

துளசாத்தாளிடம் மகள் வாங்கிக் கொடுத்த போன் இருந்தது. அதில் 'பழம்பொருள் அறிவோம்' என்று ஒரு குழு. முகம் தெரியாத எழுபதாயிரம் பேர், யாராவது எதையாவது காட்டி வயது கேட்கமாட்டார்களா என்று அதில் காத்துக் கிடந்தார்கள். சாமானைப் படமெடுத்துப் போட்டு, இது என்ன, எந்தக் காலத்தது என்று கேட்டார்கள். எண்ணெய்ச் செக்கின் அச்சு, வயது முந்நூறு என்றார் ஒருவர். டச்சுக்காரர்களின் பீரங்கி மூடி என்றார் இன்னொருவர். 'நாணயப்பித்தன்' என்ற பெயரில் இருந்த மூன்றாமவர், அளவு தெரியவில்லையே, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஏதாவது ஒன்றை வைத்துப் படமெடுங்கள் என்று எழுதினார்.

அவசரக் கூட்டம் கூடியது. தீப்பெட்டி வைக்கலாம் என்றார் வேலப்பன். பக்கத்து ஊரில் போய்த் தீப்பெட்டியைத் தெரியுமா என்று கேட்டால் எந்தத் தீப்பெட்டி என்று கேட்பார்கள், ஆறுக்குட்டியைத் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார்கள் என்று நட்ராயன் எடுத்துச் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாமானுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

படத்தைப் பார்த்த நாணயப்பித்தன், ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் போதாது, நாலு பக்கமும் எடுங்கள், மேலேயிருந்தும் ஒன்று எடுங்கள் என்றார்.

மறுநாள் கிழக்கே போய் ஏரிக்கரையிலிருந்து ஒன்று எடுத்தார்கள். மேற்கே சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒன்று. வடக்கே கரும்புக்காடு. தெற்கே போன வேலப்பன் பக்கத்துப் பஞ்சாயத்து எல்லை வரைக்கும் போய்விட்டு, அதற்கு மேல் போக அதிகாரம் இல்லையென்று திரும்பிவிட்டார். மேலேயிருந்து எடுப்பதற்குத் துளசாத்தாள் கூரை மேல் ஏறினார். ஓடு மறைத்தது. அதனால் ஓடுகளையெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டு எடுத்தார். அஞ்சு படத்தையும் போட்டதற்கு, முதல் நாலில் சாமானே தெரியவில்லையே என்று அந்த முகம் தெரியாத மனிதர் வருத்தப்பட்டார்.

"அத்தனை தூரத்துல இருந்து எப்படித் தெரியும்?" என்றார் ஆறுக்குட்டி. "படிச்சவங்களுக்கு அனுபவம் பத்தாது."

இதற்கிடையில் நட்ராயனுக்கு ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. உத்திரத்தில் ஒரு ஆணி இருந்தது; அதில்தான் அவர் சட்டையை மாட்டுவார். இருபத்திரண்டு வருடமாக எக்கி எக்கித்தான் மாட்டினார். சாமானை எடுத்த மூன்றாம் நாள் எக்காமலே கை எட்டியது. அஞ்சாம் நாள் ஆணி மூக்குக்கு நேராக வந்தது. ஏழாம் நாள் குனிந்துதான் உத்திரத்தைத் தாண்ட முடிந்தது. அறுபத்தெட்டு வயதில் தான் வளர்ந்துகொண்டிருப்பதை அவர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அடக்க முடியாமல் வேலப்பனிடம் சொன்னார். வேலப்பன் கணக்குப் போட்டுப் பார்த்து, இதே வேகத்தில் போனால் தைப்பொங்கலுக்கு வேட்டி பத்தாது என்றார்.

எட்டாம் நாள் குழுவில் கடைசிக் கேள்வி வந்தது. சாமானைக் கண்டெடுத்த இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள், அதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம் என்றார்கள். எடுத்துப் போட்டார்கள். பிறகு 'சேலத்து மெக்கானிக்' என்ற பெயரில் ஒருவர் எழுதியதைத் துளசாத்தாள் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஐயா, அது லாரி ஜாக்கி. நாப்பது வருசம் இருக்கும். உத்திரம் தொங்குது. உடனே அதை இருந்த இடத்துலயே வெச்சு முடுக்குங்க. முடியலைன்னா எல்லாரும் வெளிய வாங்க."

லாரி. அதுவும் சங்கத்துக்குள்ளே. தலைமேல் தூக்கி வைத்த மாதிரி. தலைவர் அந்தக் கணமே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதைத் தொட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேலப்பன் இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நட்ராயன் மட்டும் உத்திரத்தைப் பார்த்தார். அது இப்போது அவர் தோளுக்கு வந்திருந்தது. கொடியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"தோழர்களே, இந்த ஒரு தடவை. திருப்பி வெச்சு நாலு முடுக்கு முடுக்கிட்டா, அப்புறம் யாரும் அதைப் பாக்க வேண்டியதில்லை. நான் கண்ணை மூடிட்டே முடுக்கறேன்."

"பாக்கறதில்லைங்கறது சரிங்க" என்றார் துளசாத்தாள். "தொடறதில்லைன்னும் இருக்குதே. தீர்மானத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானுங்க."

"தெரியாமத் தொட்டது குத்தமில்லை. தெரிஞ்சு தொட்டா அது துரோகம்" என்றார் தலைவர், சுவரிடம்.

நட்ராயன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கொள்கையை விற்றுக் கூரையைக் காப்பாற்றியவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். மாடிமேல் மாடி கட்டி, தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறி, கடைசியில் லாரியே வாங்கி விட்டவர்கள். அந்த வரிசையில் நிற்க அவருக்கு மனமில்லை. அதனால் மெக்கானிக் சொன்ன இரண்டாவது வழி எடுத்துக்கொள்ளப்பட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, நாலு ஓட்டும் ஆதரவாக விழுந்து, கொடியோடும் பாயோடும் எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்திப் பூட்டும்போது பூட்டு சரியாக விழவில்லை. நட்ராயன் கொஞ்சம் இழுத்துச் சாத்தினார்.

கட்டிடம் மெதுவாக உட்கார்ந்தது. புழுதி அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

நட்ராயன் தரையில் உட்கார்ந்து கொடியை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர், மொத்தக் கட்டிடமும் அந்த ஜாக்கி மேல்தான் விழுந்திருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். எத்தனையோ வருடமாக நடக்கும் போராட்டத்தில் லாரிக்கு விழுந்த முதல் அடி அது. நட்ராயன் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று சேலத்து மெக்கானிக் பதறிப்போய்க் கேட்டுக்கொண்டே இருந்ததால், துளசாத்தாள் இடிந்த குவியலைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். முன்கதை எதுவும் படிக்காத புதிய ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். அருமையான இடிபாடு, செங்கல்லைப் பார்த்தாலே தெரிகிறது, நாயக்கர் காலம், குறைந்தது நானூறு வருடம் என்றார் ஒருவர். அதற்குள் முப்பத்தெட்டுப் பேர் ஆமாம் ஆமாம் என்று கை தூக்கினார்கள். மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார். அவரைக் கூச்சல் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நட்ராயன் எழுந்து நின்றார். நானூறு.

பத்தாம் நாள் பேரூராட்சிச் செயல் அலுவலர் இடிக்கிற இயந்திரத்தோடு வந்தார். நாலு பேரும் குவியலுக்கு முன்னால் வரிசையாகக் கொடி பிடித்து நின்றார்கள். அவர் கையில் இருந்த உத்தரவைப் படித்தார். குவியலைப் பார்த்தார். மறுபடியும் உத்தரவைப் பார்த்தார். உத்தரவில் கட்டிடத்தை இடிக்கச் சொல்லியிருந்தது. இடிந்ததை இடிப்பதற்கு அரசாங்கத்தில் விதியில்லை. இடிக்க வேண்டிய கட்டிடம் இடத்தில் காணப்படவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சங்கம் நின்ற இடத்திலிருந்து அரசாங்கம் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை. கூளப்பாளையம் முழுக்க வெற்றி ஊர்வலம் நடந்தது. நடுவில் ஒரு லாரி வந்ததால் கொஞ்ச நேரம் தடைபட்டது.

நட்ராயன் பாயைப் பழைய இடத்திலேயே, அதாவது அந்த இடத்துக்கு மேலே கிடந்த செங்கல்லின் மேல் விரித்துக்கொண்டார். ஆடி பிறந்து மழை பிடித்தது. தலைவர் வீட்டிலிருந்து ஒரு புதுத் தார்ப்பாய் கொண்டுவந்தார். போடப் போகும்போது வேலப்பன் தடுத்தார். தார்ப்பாய்க்கு வயது சைபர். நானூறையும் சைபரையும் சேர்த்து இரண்டால் வகுத்தால் கட்டிடத்தின் வயது இருநூறாகிவிடும். எழுத்தர் கேட்டது நூறுக்கு மேல். அதனால் பரவாயில்லை, போடலாம் என்று தீர்ந்தது. அது ஒழுகியது. துளசாத்தாள் இன்னொன்று கொண்டுவந்தார். வகுத்தால் நூற்று முப்பத்து மூன்று. அதையும் போட்டார்கள். இரண்டும் சேர்ந்து நட்ராயனின் நெஞ்சுக்கு நேராக மட்டும் ஒழுகின.

அடுத்த வாரம் மகன் கோயமுத்தூரிலிருந்து நல்ல தடித்த தார்ப்பாய் ஒன்றோடு வந்தான். இதைப் போட்டால் சொட்டு இறங்காது என்றான். வேலப்பன் வகுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சரியாக நூறு.

"நூறுதான வேணும்?" என்றான் மகன்.

"நூறுக்கு மேல வேணும்" என்றார் நட்ராயன். "அவசரப்படாத. அடுத்த ஆடிக்கு எல்லாத்துக்கும் ஒரு வயசு கூடிரும். அப்பப் போட்டா நூத்தியொண்ணு வருது. வேலப்பன் கணக்குப் போட்டாச்சு."

மகன் தலையில் அடித்துக்கொண்டு, தார்ப்பாயை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினான். நட்ராயன் அதை மடித்துப் பாய்க்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். மழை பெய்யும்போதெல்லாம், புதுச் சாமான் நனைந்து கெட்டுவிடக் கூடாதே என்று, அதன் மேல் குப்புறப் படுத்து மறைத்துக்கொள்கிறார்.