மூன்று மிகச்சிறப்பும் ஒரு தேர்ச்சியும்

“மூணுல மிகச்சிறப்பு. ஒண்ணுல மட்டும் பாஸ். அதுக்காக மொத்தத்துக்கும் பாஸ்னு போட்டா, இது என்ன கணக்கு மேடம்?”

பவுலின் தன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அழுகை வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நிலோபர் பயிற்சிக் கூடத்துக் கட்டிலில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். நோயாளர் பராமரிப்பு உதவியாளர் வகுப்புக்கு அவள்தான் ஆசிரியை. பவுலினைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“கணக்கு இல்லக்கா. விதி.”

விதி எளிமையானது. பாடத்தின் ஒவ்வோர் அலகுக்கும் நான்கு செய்முறைப் பணிகள் உண்டு, அசைன்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு பணிக்கும் தேர்ச்சி, சிறப்பு, மிகச்சிறப்பு என மூன்றில் ஒரு தரம். நான்கு தரங்களில் எது தாழ்ந்ததோ அதுவே அலகின் தரம். ஒரு பணியில் தவறினாலும் அலகு முழுவதும் தவறியதாகும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பேணுதல் என்னும் அலகில், உடம்பு துடைத்துவிட்டதற்குப் பவுலினுக்கு மிகச்சிறப்பு. உணவூட்டியதற்கு மிகச்சிறப்பு. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றியதற்கும் மிகச்சிறப்பு.

நான்காவது பணி, ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைத்தல். அதற்கு வெறும் தேர்ச்சி.

ஊரின் பெரிய மருத்துவமனை, அந்த அலகில் சிறப்போ அதற்கு மேலோ பெற்றவர்களை நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் ஏஜென்சி வழியாகத்தான் போகவேண்டும். ஏஜென்சி அழைத்தால் வேலை. அழைக்காத நாளில் சோற்றுக்கு வேறு வழி பார்க்கவேண்டும்.

“வினோதாவுக்கு நாலுலயும் சிறப்பு. அவ விரிப்பு போட்டா நேத்து படுத்து எந்திரிச்ச பாய் மாதிரி கெடக்கு. அவளுக்கு ஆஸ்பத்திரி. எனக்கு ஏஜென்சி.”

“ஆமாக்கா.”

“மூணுல நான் அவளுக்கு மேல.”

“ஆமா.”

“நாலையும் கூட்டி வகுத்தாலும் நான்தான் மேல.”

“கூட்டவும் மாட்டாங்க, வகுக்கவும் மாட்டாங்க.”

பவுலின் கட்டிலைப் பார்த்தாள். ஆளுயரப் பயிற்சிப் பொம்மை அதில் மல்லாந்து கிடந்தது. மாணவிகள் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“நாலாவதுல அப்படி என்ன தப்பு பண்ணேன்? கை வச்ச இடம் தப்பா?”

“இல்ல.”

“முட்டிய மடக்கினது? முதுகுக்குத் தலகாணி குடுத்தது?”

“எல்லாம் சரி. இந்த பேட்ச்லயே அவ்வளவு சுத்தமா திருப்பினது நீங்க ஒருத்தர்தான்.”

“அப்புறம்?”

“ஒரு வார்த்தை பேசல.”

“யார்கிட்ட?”

நிலோபர் பொம்மையைப் பார்த்தாள்.

பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு அன்று.

“பெரியப்பாகிட்டயா? ரப்பர் பொம்மைக்கு என்னத்தச் சொல்ல? வினோதா கொஞ்சினாளே, ‘தாத்தா, இப்ப உங்கள இடது பக்கமா திருப்பப்போறேன், சரியா தாத்தா’ன்னு. அவரு என்ன, சரிம்மான்னாரா?”

“சொல்லல.”

“பொம்மகிட்டப் பேசத் தெரியாததுக்கா என் வேலை போச்சு?”

“ஆமாக்கா.”

மறுத்திருந்தால் சண்டை போடலாம். இந்த ‘ஆமாக்கா’வை என்ன செய்வதென்று பவுலினுக்குத் தெரியவில்லை.

“சரி. அந்த ஒண்ண மட்டும் திரும்பச் செய்யறேன். தெருவுக்கே கேக்குற மாதிரி பேசுறேன்.”

“பெயிலானவங்களுக்குத்தான் மறுவாய்ப்பு. நீங்க பாஸ்.”

“அப்ப என்னப் பெயிலாக்குங்க.”

“மறுவாய்ப்புல எவ்வளவு நல்லா செஞ்சாலும் பாஸுக்கு மேல போடக்கூடாது.”

விதியை எழுதியவர் ஒரு சந்துபொந்தையும் அடைக்காமல் விட்டிருக்கவில்லை. பவுலின் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எத்தன பேருக்குப் பீத்துணி அலசியிருக்கீங்க மேடம்?”

“வார்டுல இருந்த ரெண்டு வருஷமும் அதான் வேலை. வீட்ல யாருக்கும் இல்ல.”

“நான் ஒன்பது வருஷம். என் மாமியாருக்கு. பக்கவாதம். வாய் போச்சு, வலது பக்கம் பூரா போச்சு. ஒரு படுக்கப்புண்ணு வரவிட்டதில்ல. பாக்க வந்த டாக்டரு முதுகத் திருப்பிப் பாத்துட்டு, வீட்டுக்கு நர்ஸு வச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. கிழவி கண்ண மூடினதும் வீட்டக் கொழுந்தன் எடுத்துக்கிட்டான். கம்மலும் வளையலும் நாத்தனாருக்கு. நீ எதுக்கு இங்க இன்னும் இருக்கேன்னு யாரும் வாயத் தொறந்து கேக்கல, அது ஒண்ணுதான் குறை.”

நிலோபர் விரிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒன்பது வருஷம்தான். அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னுதான் இந்தச் சின்னப் பிள்ளைகளோட பெஞ்சில வந்து உக்காந்தேன். அதுக்குப் போய் நீங்க பாஸ் போடுறீங்க.”

நிலோபர் பொம்மையைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்தாள். அது உட்காராமல் ஒருபுறமாகச் சரிந்தது.

“படுங்கக்கா.”

“யாரு, நானா?”

“படுங்க.”

பவுலின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். நிலோபர் ஒரு துவாலையை மடித்து அவள் கண்களின்மேல் கட்டினாள்.

“வலது கை, வலது கால் உங்களுது இல்ல. வாயும் இல்ல.”

“சரி.”

“வாய் இல்லன்னு சொன்னேன்.”

அதன்பின் நிலோபரின் குரல் கேட்கவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பவுலின் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். கூடத்துக்குள் யாரோ நடப்பதுபோல் இருந்தது. பிறகு நடக்காததுபோல் இருந்தது. புடவை கெண்டைக்காலுக்கு மேல் ஏறியிருப்பது தெரிந்தது. இறக்கிவிடச் சொல்லலாம் என்று நினைத்தாள். வாய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அறையில் தன்னைத் தவிர யாருமில்லை என்று எண்ணத் தொடங்கியபோது, இடுப்பில் ஒரு கையும் தோளில் ஒரு கையும் விழுந்தன.

உடம்பு புரண்டது.

எல்லாம் முறைப்படிதான். கை வைத்த இடம் சரி, வேகம் சரி. பவுலின் அதே திருப்பலை ஆயிரக்கணக்கான முறை செய்தவள். ஆயினும் அந்த நொடியில் அவளுக்குக் கீழே கட்டில் இல்லை, தரையும் இல்லை. இடது கை தானாகவே பாய்ந்து கட்டிலின் பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டது.

“தலகாணி வைக்கணும். கைய எடுங்கக்கா.”

எடுக்கத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை.

நிலோபர் அவள் சுண்டுவிரலைக் கம்பியிலிருந்து பிரித்தாள். பிறகு மோதிரவிரலை. அது முடிந்து நடுவிரலுக்கு வந்தாள்.

அந்த வரிசை பவுலினுக்குத் தெரியும்.

சுண்டுவிரலில் தொடங்கினால்தான் பிடி விடும். அதை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கிழவியின் கையிலேயே கண்டுபிடித்தாள். திருப்பப் போகும் போதெல்லாம் அந்த இடது கை கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை, பவுலின் அதை ஒவ்வொரு விரலாகப் பிரித்திருக்கிறாள். பிரியாத நாளில் புறங்கையில் ஓர் அடி வைத்திருக்கிறாள். “வேணும்னே பண்றா. வாய் போனாலும் வீம்பு போகல பாருங்க” என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவர்களும் சிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிழவி கிடந்தாள்.

அது வீம்பு என்றுதான் இந்த நிமிடம்வரை அவள் நம்பியிருந்தாள்.

“போதும்.”

பவுலின் துவாலையை இழுத்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டாள். இடது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலோபர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், அவள் வாங்கவில்லை.

வெளியே வினோதாவும் மற்றப் பெண்களும் சான்றிதழ் வாங்கும் நாளில் என்ன நிறத்தில் புடவை கட்டுவது என்று பேசிக்கொண்டு போனார்கள். அவர்களின் குரல் படியிறங்கித் தேய்ந்தது.

“மேடம்.”

“சொல்லுங்கக்கா.”

“நாலாவதுக்கு எனக்குப் பெயில்தான போட்டிருக்கணும்? ஏன் பாஸ் போட்டீங்க?”

நிலோபர் நாற்காலியில் சரிந்து கிடந்ததைத் தூக்கி நிமிர்த்தினாள்.

“அன்னிக்கு நீங்க திருப்பினது பொம்மையத்தானக்கா.”