அக்கா கண்ணும் தங்கை கண்ணும்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சவரிமுத்துவிடம் இரண்டு கண்கள் குடியிருந்தன. வலது அக்கா, இடது தங்கை. சவரிமுத்துவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவார்.

ஒருநாள் தங்கை சொன்னது: "அக்கா, நடுவுல ஒரே புகையா இருக்கு. நேர்க்கம்பி எல்லாம் நெளிஞ்சு தெரியுது. இவர்கிட்ட சொல்லிருவோமா?"

"வாயைத் திறக்காதே! தெரிஞ்சா கிரேனை விட்டு இறக்கிருவாங்க. உனக்குத் தெரியாததையும் சேர்த்து நான் பார்த்துக்கிறேன்."

பார்த்தும் கொண்டது. வலி இல்லாததால் சவரிமுத்துவுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆடிக் காற்று உப்புத்தூளை வாரி அக்காவின் மேல் அடித்தது. அந்தரத்தில் இரும்புச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா இறுக மூடிக்கொள்ள, சவரிமுத்து ஒற்றை இடக்கண்ணால் கீழே பார்த்தார். சைகை காட்டும் ஆள் நின்ற இடத்தில் சாம்பல் திட்டுதான் இருந்தது. கை தானாக நெம்புகோலை நிறுத்தியது.

"அண்ணாச்சி, ஏன் நிப்பாட்டிட்டீங்க?" கீழிருந்து குரல் மட்டும் வந்தது.

வலக்கண் தெளிந்ததும் சுருளைத் தரையில் இறக்கிவிட்டு, அவரும் இறங்கிவிட்டார். நேரே வீட்டுக்குப் போனார்.

"வலிக்கவே இல்லையே, மெர்சலின்," என்றார் மனைவியிடம்.

"வலிச்சாத்தான் போவீயளா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, தங்கையை உற்றுப் பார்த்தார். "சர்க்கரையால விழித்திரையில ரத்தக்குழாய் கசிஞ்சு வீங்கியிருக்கு. ஊசி போட்டு வீக்கத்தை வத்த வைப்போம். பார்வை எவ்வளவு திரும்பும்னு போகப்போகத்தான் தெரியும். சர்க்கரையையும் அடக்கணும். சரி, அந்தக் கண்ணைக் காட்டுங்க."

"என்னை எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்றது அக்கா.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "இதுலயும் கசிவு ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. இதை அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும்."

கிரேனில் வேறொருவர் ஏறினார். சவரிமுத்து கீழே கிடங்கு வேலைக்கு மாறினார். மாதங்கள் போயின. ஊசிகளுக்குப் பிறகு தங்கைக்குப் புகை கலைந்தது. ஆனால் ஓரிடத்தில் மங்கல் தங்கிவிட்டது.

அடுத்த சோதனைக்குக் காத்திருந்தபோது, அதுவரை எதற்கும் அசையாத அக்கா மெல்லக் கேட்டது: "தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு. இவர்கிட்ட சொல்லலாமா?"

"சொல்லு அக்கா," என்றது தங்கை. "பயத்தைச் சொன்ன கண்ணைத்தான் காப்பாத்த முடியும்."