மாசிலாமணியின் கன்னத்துக் கோடுகள்

நிறைமதி அம்மாவின் மடத்தில் சமையல் மாசிலாமணி பொறுப்பு. அம்மாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனாலும் அவருடைய சீடர். முன்பு லாரி ஓட்டியவர், குடித்தவர். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

மூக்கிலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பு நரம்புகள் வலை பின்னியதுபோலப் படர்ந்திருந்தன. அவை மட்டும் போகவில்லை.

பௌர்ணமிப் பந்தியில் அவர் சாம்பார் வாளியோடு குனிந்தபோது ஒரு பெண் இலையை மடித்துவிட்டாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. ஊத்திக்கிட்டுத்தான் சமைச்சிருக்கான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மாசிலாமணி வாளியோடு அப்படியே நின்றார்.

மாலையில் அம்மாவிடம் வந்தார்.

"லேசர் வச்சா இது போயிடும்னு சொல்றாங்கம்மா. போக்கிக்கலாமா? செஞ்சத மறைக்கிற மாதிரி ஆயிடுமா?"

அம்மா மறுநாள் காலை அவரை அழைத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார்.

தோல் டாக்டர் கண்ணாடிவில்லையை வைத்துப் பார்த்தார்.

"மேல்தோலுக்குக் கீழ இருக்கிற சின்ன ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு. மூணு தடவை வந்தா நல்லாவே குறையும். ரப்பர் பேண்டால சுண்டற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் வெயில்ல குடை பிடிங்க, அடுப்பு அனல்ல முகத்தைக் காட்டாதீங்க."

"குடியால வந்ததுதானே டாக்டர்?"

"அதாலயும் இருக்கலாம். வெயில், அனல், பரம்பரை, எதாலயும் வரும். உங்க அப்பாவுக்கு இருந்ததா?"

மாசிலாமணி கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"இருந்தது. இதே இடத்துல. ஆனா அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல."

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் தடவை லேசருக்கு நர்ஸ் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவாள். மாசிலாமணியின் முகம் வாடியிருந்தது.

"இது தண்டனைன்னு நெனச்சேம்மா. ஒன்பது வருஷமா."

"சரி."

"தண்டனை இல்லேன்னா சந்தோஷம்தான் வரணும். பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"தினம் ஷேவ் பண்றப்ப இந்தக் கோட்டைத்தான் பாப்பேன். இன்னிக்கும் தொடக்கூடாதுடான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். இதுவும் போயிட்டா, நான் எதப் பாத்து சொல்லிக்கிறது?"

அம்மா தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

"போன ஆவணியில உங்களுக்கு டைபாய்டு வந்துச்சே. எத்தனை நாள் படுத்திருந்தீங்க?"

"இருபது நாள்."

"ஷேவ் பண்ணீங்களா?"

"எங்கம்மா? எழுந்திரிக்கவே முடியல."

"கண்ணாடி பாத்தீங்களா?"

"இல்ல."

உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அந்த இருபது நாளும் குடிச்சீங்களா?" என்று கேட்டார் அம்மா.