நார் மில்லில் பத்து முதலாளிகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில். மட்டை அடிக்கும் மெஷினுக்கு மூடி கிடையாது. போன வாரம் அது அங்கே வேலை பார்க்கும் சரசுவின் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. கேஸ் வருமென்று பயந்த முதலாளி சென்னியப்பன், ஒரு பத்திரத்தோடு வந்தார்.

"இன்னையிலிருந்து நீங்க ஒன்பது பேரும் வேலைக்காரங்க இல்ல, என் பங்குதாரருங்க. அடிபட்டா அவங்கவங்க பொறுப்பு. கையெழுத்துப் போடாதவங்க நாளைக்கு வரவேண்டாம்."

மயிலாத்தாள் முதல் ஆளாகப் போட்டாள். மற்றவர்களையும் போட வைத்தாள். நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"மில்லை நிறுத்த நீ யாரு?" என்று கத்தினார் சென்னியப்பன்.

"பங்குதாரருங்க. நாங்க ஒன்பது பேரு, நீங்க ஒருத்தரு. மூடி போடற வரைக்கும் ஓட்டறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்ங்க."

"பங்காவது மண்ணாவது! நீங்கெல்லாம் என்கிட்ட வேலை பாக்கறவங்க!"

மயிலாத்தாள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "அதை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க மொதலாளி. சரசுவோட வக்கீல் அதைத்தான் கேக்கறாரு."