பொங்கல் தின்ற குதிரை

“சாமி, யார் வந்து கேட்டாலும் முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது,” என்றார் மாசானம்.

மலையடிவாரத்து மடத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சீடர் அவர். குரு ஆவுடையப்பரைவிட வயதில் மூத்தவர். குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“சொல்லாததுனால என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“குதிரை படுத்துட்டுது.”

குரு எழுந்து லாயத்துக்கு ஓடினார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடை வராத பிள்ளைக்காகத் தாய்மார்கள் மடத்துக் குதிரைக்குச் சர்க்கரைப் பொங்கல் நேர்ந்துகொள்வார்கள். ஆடி பிறந்தால் போதும், பானையும் கையுமாக வந்துவிடுவார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. வந்த பானை எதையும் மாசானம் திருப்பி அனுப்பவில்லை. தங்கமான மனுஷர்தான், ஆனால் அவர் இரக்கமெல்லாம் குதிரையின் வயிற்றில் போய் இறங்கியிருந்தது.

குதிரை படுத்தபடியே காலை உதைத்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

“எல்லாரும் ஆசையாத்தானே சாமி ஊட்டுனாங்க. ஆசையாக் குடுத்தது எப்படிக் கெடுதல் பண்ணும்?”

குரு மாசானத்தின் தலையைப் பிடித்து, காதைக் குதிரையின் வயிற்றில் வைத்தார்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கலையே.”

“புல்லு தின்னுட்டு நிக்கிறப்ப?”

“கடமுடான்னு ஓடிக்கிட்டே இருக்கும்.”

சொல்லும்போதே மாசானத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“கக்க வச்சிரலாமா சாமி?”

“குதிரைக்குக் கக்க வராது. உள்ள போனா போனதுதான். வாய்க்கு முன்னாலேயே நிறுத்தணும். அங்க நீங்கதான் நின்னீங்க.”

கோபமில்லாமல்தான் சொன்னார். மாசானத்துக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

இருவரும் சேர்ந்து குதிரையை எழுப்பினார்கள். தீனி எதுவும் காட்டாமல், படுக்க விடாமல், மடத்தைச் சுற்றி மெல்ல நடத்தினார்கள். ஒருவர் களைத்தால் மற்றவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். மாசானம் நடந்துகொண்டே அழுதார். இது பிழைக்காவிட்டால் இனி இந்தக் கையால் யாருக்கும் ஒரு வாய் சோறு போட மாட்டேன் என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் குதிரை நின்று, வயிறு இளகி லத்தி போட்டது. மாசானம் லத்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். குரு சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் முப்பிடாதி என்றொரு பெண் வந்தாள். தலையில் பொங்கல் பானை. இடுப்பில், இரண்டு வயது தாண்டியும் நிற்காத பிள்ளை. மலையைச் சுற்றி வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

மாசானம் குருவைப் பார்த்தார். குரு புல்லில் தூசி தட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

“வேண்டாம் தாயி,” என்றார் மாசானம்.

“நேத்து எல்லார்கிட்டயும் வாங்குனீங்களாமே. எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?” அவள் கண் கலங்கிவிட்டது. “இவன் நடக்கணும்யா. ஒரு வாய் தின்னாப் போதும்.”

“தின்னா குதிரை நடக்காது தாயி.”

அவள் குதிரையைப் பார்த்தாள். அது சுவரோரம் கால் தள்ளாட நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் பானையைத் தானாகவே கீழே இறக்கினாள்.

“அப்ப நான் என்னத்தைக் குடுக்க?”

மாசானம் ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். குதிரை குனிந்து வாங்கியது. மீசை பட்டு உள்ளங்கை கூசியதில் பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது.

“இத்தனை பெரிய உடம்புக்கு இது காணுமாய்யா?”

“இப்பத்திக்கு இதுதான். மெல்லட்டும். பெறகு இன்னும் கொஞ்சம் குடுப்போம்.”

அவள் பானையைப் பார்த்தாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“பிள்ளை என்ன சாப்பிட்டான்?” என்று கேட்டார் மாசானம்.

“ஒண்ணும் குடுக்கலை. குதிரை தின்ன பெறகுதான் பிள்ளைக்குக் குடுக்கணும்னு சொன்னாங்க. வெறும் வயித்தோடதான் தூக்கிட்டு வந்தேன்.”

மாசானம் குனிந்து பானையின் மூடியைத் திறந்தார்.

“குதிரை தின்னாச்சு தாயி,” என்றார்.